பனியன் கம்பெனி வாயிலிலிருந்து வீட்டு வாசலுக்கு: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளரின் முதுமையும் நலப் பாதுகாப்பின் வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில் நூறாண்டை எட்டியுள்ளது. ஏற்றுமதி பெருகிய காலத்தில் இளம் வயதில் வேலைக்கு வந்த தலைமுறை இப்போது அறுபது வயதை அடைந்து வருகிறது. இத்தலைமுறையின் நலமான முதுமைக்கு இன்றியமையாதவையாகக் கருதப்படும் முன்தடுப்புப் பரிசோதனை, நல்லுணவு, சமூகக் கலை ஆகியவை இவ்வட்டாரத்தில் எவ்வாறு அமைந்து வந்துள்ளன என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. வேலைப் பதிவை அடிப்படையாகக் கொண்ட காப்பீட்டு முறையும், குடியிருப்பை அடிப்படையாகக் கொண்ட வீடுதேடும் மருத்துவ முறையும் தனித்தனியே வளர்ந்தன. இவ்விரண்டுக்கும் இடையில் நாற்பது முதல் அறுபது வயது வரையிலான தொழிலாளர் பலர் விடுபடுகின்றனர். பரிசோதனை, உணவு, கலை ஆகிய மூன்றுக்கும் தொழிலாளரின் நேரமே பொது முன்நிபந்தனை என்பதைக் கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திருப்பூர், பின்னலாடைத் தொழில், முதுமை, தொழிலாளர் ஈட்டுறுதி, மக்களைத் தேடி மருத்துவம், சிறுதானியம், வள்ளி கும்மி

முன்னுரை

உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட முதுமை குறித்த அறிக்கையில், நோயின்மையை மட்டும் நலமான முதுமையின் அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஒருவர் தாம் மதிப்பவற்றைச் செய்துகொண்டு வாழ்வதற்குரிய செயல்திறனை வளர்த்தலும் காத்தலுமே நலமான முதுமை என அது வரையறுத்தது. 2021 முதல் 2030 வரையிலான பத்தாண்டு இந்நோக்கத்திற்கென உலகளவில் ஒதுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டிற்கு இப்பொருள் மிக நெருக்கமானது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாநில மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். அப்போதைய அனைத்திந்திய அளவு 8.6 விழுக்காடு.

முதுமை பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் குடும்பத்தையும் இலக்கியத்தையும் களமாகக் கொண்டுள்ளன. தொழில்நகரம் ஒன்றில் முதுமை எவ்வாறு உருவாகிறது என்ற வினா குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளது. திருப்பூர் குறித்த ஆய்வுகளோ உற்பத்தி, முதலாக்கம், சாதி, பெண்தொழிலாளர், நொய்யல் ஆற்று மாசு ஆகியவற்றில் கவனம் செலுத்தியுள்ளன. பத்மினி சுவாமிநாதனும் ஜெ. ஜெயரஞ்சனும் 1994-இல் இந்நகரை ஒரு தொழில் வட்டாரமாக ஆராய்ந்தனர். உழவர் பின்னணி கொண்ட தொழிலாளர் முதலாளிகளாக உயர்ந்ததையும், அவர்கள் தம் உயர்வுக்கு உழைப்பையே காரணமாகக் கூறியதையும் சரத் சாரி 2004-இல் வெளியான தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். முதலாளியாக உயர்ந்த உழைப்பாளியின் வரலாறு இவ்வாறு எழுதப்பட்டுள்ளது. அதே உழைப்பைத் தந்தும் தொழிலாளியாகவே முதுமையடைந்தவரின் வரலாறு எழுதப்பட வேண்டியுள்ளது. அதன் ஒரு பகுதியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

தொழிலின் அமைப்பும் தொழிலாளியின் வயதும்

திருப்பூரின் முதல் பின்னலாடைக் கூடம் 1925-இல் குலாம் காதர் என்பவரால் தொடங்கப்பெற்றது என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தியாகும். 1956-இல் தென்னிந்தியப் பின்னலாடை உற்பத்தியாளர் சங்கம் தோன்றியது. உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளைப் பனியனே நெடுங்காலம் முதன்மைப் பொருளாக இருந்தது. 1970-களின் இறுதியிலிருந்து ஏற்றுமதி வளர்ந்து, 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவாயிற்று. திருப்பூர் 2008-இல் மாநகராட்சியாகவும் 2009-இல் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் ஆனது. பல்லடம், அவிநாசி, உடுமலைப்பேட்டை, காங்கயம், தாராபுரம் ஆகிய பகுதிகள் இம்மாவட்டத்துள் அடங்கின. 2011-இல் மாவட்டத்தின் மக்கள்தொகை 24,79,052.

தொழிலாளர் வரலாற்றில் 1984-ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டு பஞ்சப்படி கோரித் தொடங்கிய வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் உற்பத்தி பெரிய கூடங்களிலிருந்து சிறு அலகுகளுக்கும், ஜாப் ஒர்க் நிறுவனங்களுக்கும், பவர்டேபிள் எனப்படும் ஒப்பந்தத் தையற்கூடங்களுக்கும் பெருமளவில் பரவியது. ஒரு பனியன் உருவாகும் வழியில் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எனப் பல கைகள் மாறுகின்றன. அக்கைகளுக்குரியவர் ஒரே முதலாளியிடம் வேலை செய்வதில்லை. பீஸ் ரேட் கூலி, சனிக்கிழமைச் சம்பளம், சீசனுக்கு ஏற்பக் கம்பெனி மாறுதல் ஆகியவை இத்தொழிலின் இயல்புகளாயின.

வேலை நேரத்தைக் குறிக்க இவ்வூரில் வழங்கும் சொல்லே வரலாற்றுச் சான்றாக அமைகிறது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்டு. பன்னிரண்டு மணி நேரம் ஒன்றரை ஷிப்டு. ஒன்றரை ஷிப்டு என்பது விதிவிலக்காகக் கருதப்படாமல் அன்றாட அலகாகவே பேச்சில் நிலைபெற்றுவிட்டது. காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குள் நுழைபவர் வெளியேறும்போது ஊரின் பெரும்பாலான அலுவலகங்களும் புறநோயாளர் பிரிவுகளும் மூடப்பட்டிருக்கும். ஓவர்லாக், பேட்லாக் எந்திரங்களில் அமர்ந்து தைப்பவருக்குக் கழுத்தும் இடுப்பும் தளர்கின்றன. செக்கிங் மேசையருகில் நாள் முழுதும் நிற்பவருக்குக் கால்கள் வீங்குகின்றன. வயது ஏறப் பார்வையும் கைவேகமும் குறைகின்றன. பீஸ் ரேட்டில் வேகம் குறைந்தால் அந்த வாரமே கூலி குறையும். எனவே தையல் எந்திரத்திலிருந்து பிசிறு வெட்டுதலுக்கும் மடிப்பு வேலைக்கும், ஆண்களாயின் காவல் பணிக்கும் நகர்வது வழக்கமாயிற்று. இத்தொழிலில் ஓய்வு என்பது ஒரு தேதியில் நிகழ்வதில்லை. கூலி குறைந்த வேலைகளின் வழியாகச் சிறிது சிறிதாக நிகழ்கிறது.

1984-இல் இருபது வயதில் வேலைநிறுத்தத்தில் நின்றவருக்கு 2024-இல் அறுபது வயது. ஏற்றுமதி ஓங்கிய 1990-களில் பதினெட்டு வயதில் வந்தவர் இப்போது ஐம்பதைக் கடக்கிறார். ஏற்றுமதித் திருப்பூரின் முதல் முதிய தலைமுறை இதுவேயாகும்.

காப்பீட்டின் வாயில்

விடுதலைக்குப் பிந்தைய இந்தியா தொழிலாளரின் நலனை முதன்மையாக வேலையிடத்தின் வழியாகவே அணுகியது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டு, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் அது 1955 சனவரியில் கோயம்புத்தூரில் முதலில் செயல்படத் தொடங்கியது. கொங்குப் பகுதியின் பஞ்சாலைகளே இம்முன்னுரிமைக்குக் காரணம் எனலாம். பெரிய ஆலை, வருகைப் பதிவேடு, நிலையான வேலை, தொழிற்சங்கம் ஆகியவற்றைக் கொண்ட கோவைப் பஞ்சாலைத் தொழிலாளிக்குப் பொருந்துமாறு அமைந்த ஏற்பாடு அது.

அதே ஏற்பாடு திருப்பூரின் சிதறிய உற்பத்திக்கு வந்தபோது பொருத்தம் தளர்ந்தது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்கால உதவித்தொகை பெற, ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாட்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். ஓய்வுக்குப் பின்னும் மருத்துவ வசதி தொடர வழியுண்டு. ஐந்தாண்டுகளேனும் காப்பீட்டுக்குட்பட்ட வேலையில் இருந்து ஓய்வு வயதில் விலகியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தித் தாமும் தம் வாழ்க்கைத் துணையும் சிகிச்சை பெறலாம். தொகை மிகச் சிறியது. ஓய்வு வயதில் விலகினார் என்பதை மெய்ப்பிக்கும் தொடர்ச்சியான பதிவைப் பெறுவதுதான் அரிது. கம்பெனி தோறும் மாறியவருக்கும், ஒப்பந்தக்காரரின் கீழ் பெயரின்றித் தைத்தவருக்கும் ஓய்வு பெற்ற நாள் என ஒன்று ஏட்டில் இருப்பதில்லை.

வருங்கால வைப்புநிதியிலும் இதே நிலையைக் காணலாம். 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஓய்வூதியத் திட்டத்தின்படி, பத்தாண்டுத் தகுதிப் பணி உடையவர்க்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. 2014 செப்டம்பர் முதல் அதன் குறைந்தபட்ச அளவு 1,000 ரூபாய். கம்பெனி மாறினாலும் தொடரும் பொதுக் கணக்கு எண் 2014-இல்தான் அறிமுகமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வோர் எண் இருந்தது. வேலை மாறும்போது பணத்தை எடுத்துவிடுவதே எளிதாகத் தோன்றியது. அவ்வாறு எடுத்தவரின் பணிக்காலம் மீண்டும் முதலிலிருந்து கணக்கிடப்பட்டது. முப்பதாண்டு உழைத்தும் பத்தாண்டுப் பதிவு இல்லாத நிலை இவ்வாறு உருவாயிற்று.

நூற்பாலைகளைப் பொறுத்தவரை இதற்கு மருத்துவப் பரிமாணமும் உண்டு. பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயான பிசினோசிஸ் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளரிடையே 1950-களில் ரிச்சர்டு ஷில்லிங் இந்நோயை விரிவாக ஆராய்ந்தார். விடுமுறைக்குப் பின் வரும் முதல் வேலைநாளில் நெஞ்சிறுக்கம் தோன்றுவது இதன் தொடக்க அறிகுறி. ஆண்டுகள் செல்ல அது நிலையான மூச்சுத்திணறலாக மாறக்கூடும். தொடக்க நிலையில் கண்டறிந்து தூசியிலிருந்து விலக்கினால் பயனுண்டு. முற்றிய நிலை பெரும்பாலும் ஆலையை விட்டு நீங்கிய பிறகே வெளிப்படுகிறது. அப்போது அவர் காப்பீட்டின் வாயிலுக்கு வெளியே நிற்கிறார். மூச்சிறைப்பு வயதின் இயல்பாகவோ புகைபிடித்தலின் விளைவாகவோ கொள்ளப்படுகிறது.

திருப்பூரில் 100 படுக்கைகள் கொண்ட ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கோவையில் திட்டம் தொடங்கி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்த பின் நிகழ்ந்தது இது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், நாற்பது வயதைக் கடந்த தொழிலாளருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்ற கொள்கையை முன்வைக்கின்றன. முன்தடுப்பு என்ற கருத்து வேலையிடச் சட்டத்துள் நுழைவது வரவேற்கத்தக்கது. ஜாப் ஒர்க் சங்கிலியில் பரிசோதனைக்குப் பொறுப்பான வேலையளிப்பவர் யார் என்ற பழைய வினா அப்போதும் எஞ்சுகிறது.

வீட்டு வாசலில் பரிசோதனை

தமிழக அரசு இன்னொரு வழியையும் நெடுங்காலமாகப் பின்பற்றி வந்துள்ளது. 1962-இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகைத் திட்டம் பெறுபவரின் வேலைப் பதிவைக் கேட்கவில்லை. வயதையும் வறுமையையும் மட்டுமே கேட்டது. நோய்த்தடுப்பில் இவ்வழி பிற்காலத்தில் விரிவடைந்தது. உலக வங்கி உதவியுடன் 2005-இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதார அமைப்புத் திட்டத்தின்கீழ், 2007-இல் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களிலும், உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாடு விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களிலும் முன்னோட்டமாக நடத்தப்பட்டன. பின்னர் 2012 முதல் தொற்றா நோய்த் திட்டம் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. நோயுற்று வருபவருக்குச் சிகிச்சை என்ற நிலையிலிருந்து, நலமாக உணர்பவரையும் சோதித்தல் என்ற நிலைக்கு அரசு மருத்துவம் நகர்ந்த கட்டம் இது.

சோதிக்கப்பட்டவர் தொடர்ந்து மருந்து உட்கொள்கிறாரா என்பது அடுத்த சிக்கலாக எழுந்தது. 2020-ஆம் ஆண்டின் மாநில அளவிலான கணக்கெடுப்பு, உயர் இரத்த அழுத்தம் உடையோரில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உடையோரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருந்ததைக் காட்டியது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இவ்விடைவெளியை நிரப்ப முயன்றது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்த தன்னார்வலர் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்தனர். மாத்திரைகளை வீட்டிலேயே வழங்கினர். இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் செவிலியமும் உடன் சேர்ந்தன. அடுத்த மாநிலக் கணக்கெடுப்பில் கட்டுப்பாட்டு அளவுகள் முறையே ஏறத்தாழ 17 விழுக்காடாக உயர்ந்திருந்தன. உயர்வு தெளிவானது; எனினும் ஆறில் ஐந்து பேருக்கு நோய் இன்னும் கட்டுப்பாட்டில் இல்லை என்பதும் அதே எண்களில் அடங்கியுள்ளது.

2023-இல் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகியவற்றின் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் ஒருங்கமைந்த பரிசோதனைத் திட்டம் நான்கு மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கப்பட்டது. ஈரோடு, இராணிப்பேட்டை, கன்னியாகுமரி ஆகியவற்றுடன் திருப்பூரும் அந்நான்கில் ஒன்று. 2022-இல் திறக்கப்பட்ட திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி, மேல்சிகிச்சைக்காகக் கோவைக்கு அலைய வேண்டிய தேவையை ஓரளவு குறைத்தது.

எனினும் வீட்டு வாசலுக்கும் ஓர் எல்லை உண்டு. தன்னார்வலர் பகலில் வருகிறார். தொழிலாளி பகலில் கம்பெனியில் இருக்கிறார். வேலையை விட்டு வீட்டிலிருக்கும் முதியவரைத் திட்டம் எளிதில் சென்றடைகிறது. நாற்பத்தைந்து வயதில், அறிகுறி ஏதுமின்றி இரத்த அழுத்தம் ஏறத் தொடங்கிய டெய்லரை அது சந்திப்பது கடினம். முதுமையின் நலம் தீர்மானிக்கப்படும் வயது இதுவே. லைன் வீடுகளில் குடியிருந்து வாடகைக்கேற்ப இடம் மாறும் குடும்பங்களும், வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரும் பட்டியலிலிருந்து எளிதில் விடுபடுகின்றனர். 2024-இல் வேலையிடங்களிலேயே பரிசோதிக்கும் தொழிலாளரைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டது இக்குறையை அரசு உணர்ந்ததன் வெளிப்பாடாகும். பெயர்ப்பட்டியல் வைத்துள்ள பெரிய கம்பெனியில் முகாம் நடத்துவது எளிது. பத்து எந்திரங்கள் உள்ள பவர்டேபிள் கூடத்தை அம்முகாம் சென்றடைகிறதா என்பதைக் கொண்டே திருப்பூரில் இத்திட்டத்தின் வெற்றியை அளவிட வேண்டும்.

உணவும் நேரமும்

கொங்கு நாடு மழை குறைந்த மேட்டுநிலம். கம்பும் சோளமும் கேழ்வரகும் இதன் மானாவாரிப் பயிர்கள். கொள்ளும் தட்டைப்பயறும் உடன் விளைந்தவை. கம்பஞ்சோறு, சோளச்சோறு, இராகிக் களி, கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், மோர் ஆகியவை இவ்வட்டாரத்தின் அன்றாட உணவாக இருந்தன. நெல்லரிசிச் சோறு விழா நாளுக்குரியதாகக் கருதப்பட்டது. இப்பழைய உணவைப் பொற்காலமாகக் காண்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. களி உண்டவர் பலர் அரைவயிறு உண்டனர். வறட்சி ஆண்டுகளில் அதுவும் கிட்டவில்லை. பொது விநியோகத் திட்டத்தின் அரிசி இப்பசியைப் போக்கியது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011 முதல் விலையின்றியும் கிடைத்த அரிசி, கூலி நின்ற வாரங்களிலும் தொழிலாளர் வீட்டில் அடுப்பை எரியவைத்தது.

பசி நீங்கிய பின் வேறொரு சிக்கல் தோன்றியது. தட்டில் மாவுப்பொருள் மிகுந்து, பயறும் காயும் குறைந்தன. அதே காலத்தில் வயல்வேலை எந்திரத்தின் முன் அமரும் வேலையாக மாறியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 10.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இம்மாற்றத்திற்கு அரிசியை மட்டும் குற்றம் சொல்வது பொருந்தாது. ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்குக் கம்பை இடித்துப் புடைத்துச் சமைக்க நேரமில்லை. பேக்கரித் தேநீரும் பன்னும் காலை இடைவேளையையும், புரோட்டா இரவையும் பிடித்துக்கொண்டதற்குச் சுவையைவிட வேலைநேரமே பெருங்காரணம்.

முதியோருக்கான பொது உணவு முயற்சிகள் தமிழகத்தில் புதியவை அல்ல. 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் 1983 சனவரியில் முதியோர் உதவித்தொகை பெறுவோருக்கும் விரிவாக்கப்பட்டது. குழந்தையின் தட்டிலிருந்து முதியவரின் தட்டுக்கு அரசின் பொறுப்பு நீண்ட தருணம் அது. பின்னாளைய ஆய்வுகளில் உரிய கவனம் பெறவில்லை. 2013-இல் அம்மா உணவகங்கள் திருப்பூர் உள்ளிட்ட மாநகராட்சிகளுக்குப் பரவியபோது ஒரு ரூபாய் இட்லியும் மூன்று ரூபாய்த் தயிர்சாதமும் ஐந்து ரூபாய்ச் சாம்பார்சாதமும் தனித்து வாழும் முதியவருக்கும் தொழிலாளிக்கும் ஒருசேரப் பயன்பட்டன. பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகிய 2023-ஐ ஒட்டிக் கம்பும் கேழ்வரகும் மீண்டும் பேசப்பட்டன. பற்கள் தளர்ந்த முதியவருக்குக் கூழும் களியும், தசை இழப்பைத் தடுக்கக் கொள்ளும் பயறும் ஏற்றவை. அவற்றைச் சமைத்துத் தரும் பொதுச் சமையற்கூடங்கள் இன்றிச் சிறுதானியம் வசதியுள்ளோரின் அங்காடிப் பொருளாகவே நின்றுவிடும்.

கும்மி வட்டமும் முதிய உடலும்

கொங்கு நாட்டின் கலை வாழ்வு மாலை, இரவு நேரங்களுக்குரியது. உடுக்கைப் பாட்டில் பல இரவுகள் நீளும் அண்ணன்மார் கதையை பிரெண்டா பெக் 1965-இல் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் ஒலிப்பதிவு செய்தார். அவ்வூர் இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் அடங்கும். வள்ளி கும்மி, ஒயிலாட்டம், பெருஞ்சலங்கையாட்டம் ஆகியவை கோயில் விழாக்களோடு இணைந்து நிலைத்தன. இவற்றைக் கற்பித்த ஆசிரியர்களும் பாட்டை நினைவில் வைத்திருந்தவர்களும் பெரும்பாலும் முதியோர். ஊரில் அவர்களுக்கிருந்த மதிப்புக்கு அந்நினைவும் ஒரு காரணம்.

வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி ஒயில் கும்மியில் நெடுங்காலம் ஆண்களே மிகுதியாக ஈடுபட்டனர். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த எம். பத்திரப்பன் இக்கலையைப் பெண்களுக்கும் கற்பித்து மரபின் எல்லையை விரித்தார். அவருக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது வயது 87. கொங்கு மாவட்டங்களில் கும்மிக் குழுக்கள் மீண்டும் பெருகியுள்ளன. மாலையில் ஊர்ப் பொதுவெளியில் வாரக்கணக்கில் பயிற்சி நடைபெற்று, இறுதியில் அரங்கேற்றம் நிகழ்கிறது. சிறுமியும் பாட்டியும் ஒரே வட்டத்தில் அடவு வைக்கின்றனர்.

முதுமை நலத்தின் நோக்கில் இவ்வட்டத்தின் கூறுகளைப் பகுத்துக் காணலாம். குனிந்து நிமிர்ந்து, காலை மாற்றி வைத்து, உடலைத் திருப்பிக் கைதட்டும் அசைவுகள் உடற்சமநிலைக்குப் பயிற்சியாகின்றன. முதியோருக்குத் தடுக்கி விழுதல் பெரும் இடராகையால் இது முக்கியமானது. பாட்டின் அடியையும் அடவின் வரிசையையும் ஒருசேர நினைவில் கொள்வது மனத்திற்குப் பயிற்சி. குறித்த நேரத்தில் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பும், வராதவரைத் தேடும் குழுவும் தனிமைக்கு மருந்தாகின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2019-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் டெய்சி ஃபான்கோர்ட்டும் சொய்ர்ஷா ஃபின்னும், நோய்த்தடுப்பிலும் நலம் பேணலிலும் கலைகளுக்குள்ள பங்கைப் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளின் வழியாகத் தொகுத்துக் காட்டினர். கும்மியை இப்பின்னணியில் வைத்து நோக்குவது பொருந்தும்.

இக்கலையின் சமூக எல்லைகளையும் ஆய்வாளர் கணக்கில் கொள்ள வேண்டும். கும்மிக் குழுக்கள் பெரும்பாலும் ஊர்க்கோயிலையும் உறவுக் கட்டமைப்பையும் ஒட்டியே அமைகின்றன. ஊரின் வட்டத்துள் யார் நிற்கலாம் என்பதைச் சாதி தீர்மானிக்கும் இடங்களில், கலை சிலருக்கு நலமாகவும் சிலருக்கு விலக்காகவும் அமைகிறது. மதுரை, தேனி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து வந்து லைன் வீட்டில் மூத்தவருக்குத் திருப்பூரில் கோயில் முறைமை இல்லை; சொந்த ஊரிலும் இப்போது இடமில்லை. இரவுப் பயிற்சிக்கு வரும் நேரமும் கம்பெனிக்குச் செல்பவரிடம் இல்லை.

மூன்றும் இணைந்த ஒரு முன்னனுபவம்

பரிசோதனை, உணவு, கலை ஆகிய மூன்றையும் ஒரே இயக்கமாக நடத்திய அனுபவம் ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் உண்டு. பட்டுப்புழு வளர்ப்பு மிகுந்த மலைப்பகுதியான ஸாகுவின் மருத்துவமனைக்கு 1945-இல் வந்த தோஷிகாசு வகாட்சுகி என்னும் மருத்துவர், உழவர் நோய் முற்றிய பின்னரே வருவதைக் கண்டார். மருத்துவமனைப் பணியாளரைக் கொண்டு நாடகக் குழு அமைத்து, சிற்றூர்களுக்குச் சென்று நோயாளிகளைப் பார்த்த பின் நலம் பற்றிய நாடகங்களை நடித்துக் காட்டினார். யாச்சிஹோ என்ற சிற்றூரில் 1959 முதல் ஊரார் அனைவருக்கும் ஆண்டுதோறும் பரிசோதனை நடைபெற்றது. ஒவ்வொருவருக்கும் நலக் கையேடு வழங்கப்பட்டது. உப்பைக் குறைக்கும் உணவு இயக்கம் நாகானோவில் பின்னர் வலுப்பெற்றது. வகாட்சுகி 1976-இல் மகசேசே விருது பெற்றார். நாகானோ ஜப்பானிலேயே ஆயுட்காலம் மிகுந்த மாநிலங்களுள் ஒன்றாயிற்று.

இவ்வனுபவத்தை அப்படியே திருப்பூருக்குப் பெயர்க்க இயலாது. யாச்சிஹோ நிலைத்த உழவர்களின் ஊர். திருப்பூரோ இடம்பெயர்ந்தோரின் நகரம். கருதத்தக்கது அதன் முறை. பரிசோதனை ஊரின் நிகழ்வாக நடந்தது. கலை அதற்கு முன்னோடியாகச் சென்றது. நாள் ஊராரின் வேலைக் காலத்தைக் கருதித் தேர்ந்தெடுக்கப்பட்டது. நலக் கையேடு தொழிலாளியின் கையில் இருந்தால், கம்பெனி மாறினாலும் லைன் வீடு மாறினாலும் பதிவு அவருடனேயே செல்லும் என்பது திருப்பூருக்கு நேரடியாகப் பொருந்தும் செய்தி.

முடிவுரை

திருப்பூர்த் தொழிலாளரின் முதுமை இரு வாயில்களுக்கிடையே அமைந்துள்ளது. 1948-இன் சட்டம் திறந்த கம்பெனி வாயில், தொடர்ச்சியான வேலைப் பதிவு உடையவரை மட்டும் ஏற்றது. 1962-இல் தொடங்கி 2021-இல் விரிந்த வீட்டு வாசல், பதிவு கேட்காமல் முதியவரை ஏற்றது. ஆனால் வேலையிலிருக்கும் நடுவயதினரைப் பகலில் காண இயலவில்லை. உணவிலும் கலையிலும் வெளிப்படும் குறையும் இதுவே. கம்பும் கும்மியும் மறைந்துவிடவில்லை. அவற்றுக்குரிய நேரம் கூலியாக மாறிவிட்டது.

எனவே முன்தடுப்பைத் தனிமனிதரின் விழிப்புணர்வுச் சிக்கலாக மட்டும் அணுகும் பார்வை திருப்பூருக்குப் போதாது. கூலி இழப்பின்றிப் பரிசோதனைக்குச் செல்லும் அரைநாள், தொழிலாளர் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் முகாம், சிறுதானியமும் பயறும் வழங்கும் பொதுச் சமையற்கூடம், சாதியும் சொந்த ஊரும் கேளாத கும்மி வட்டம் ஆகியவை இவ்வரலாற்றிலிருந்து எழும் கோரிக்கைகள். 127 நாட்கள் பஞ்சப்படிக்காக நின்ற தலைமுறை தன் கூலியின் மதிப்பைக் காக்கப் போராடியது. அத்தலைமுறை இன்று இரத்த அழுத்த மாத்திரைக்காக வாசலில் காத்திருக்கிறது. அதன் பின்னே எந்திரத்தில் அமர்ந்திருப்போருக்கு ஐம்பது வயது ஆகிறது. அவர்களின் முதுமை இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.